நாலு பொத்தான் போட்ட புயலப்பன்

அத்தியாயம் 1

போகிக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண் எங்கள் மாடிப்படியை ஏறி வந்தாள். ஏறிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது, அழ வந்தவள் இல்லை, சண்டைக்கு வந்தவள். கதவைத் தட்டவில்லை. நேரே உள்ளே வந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"எழுந்திரிங்க. நான் உக்காரணும்."

எழுந்துகொண்டேன். என் பெயர் பாவாடை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பாவாடைராயன் சாமியை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் வைப்பதில்லை. துப்பறிவாளர் தெய்வசிகாமணிக்கு நான் உதவியாள். அவரை நான் முசே என்று கூப்பிடுவேன், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் போலீசில் பிரிகாதியே என்ற ஏட்டு உத்தியோகத்தில் இருந்தவர். ஐம்பத்து நாலில் புதுச்சேரியில் கொடி மாறியதும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ரொட்டிக்கடை மாடியில் இந்த அலுவலகத்தைத் தொடங்கினார். ஆறு வருஷத்தில் ஆணி துருப்பிடித்துவிட்டது. முசேயின் மூளை மட்டும் துருப்பிடிக்கவில்லை.

"பேரு தில்லையம்மாள்" என்றாள் வந்தவள். "மூலக்குளத்துல எங்க அண்ணன் கலியபெருமாள் வீட்டுல இருக்கேன். டவுன்ல வெள்ளக்கார மதாம் கடையில தையல் வேல. ஞாயித்துக்கெழம நான் வெளிய போயிருந்தப்ப என் தகரப் பெட்டியக் காணோம்."

"நகையா?" என்றேன்.

"புத்தகம்."

"சாமி புத்தகமா?"

"படக்கதை. முகமூடி போட்டுக்கிட்டு, தோள்ல போர்வையப் பறக்கவிட்டுக்கிட்டு, ஆகாசத்துல போய் கெட்டவன அடிக்கிறவன் கதை. பிரெஞ்சுல அவனுக்கு ஒரு பேரு இருக்கு, உங்க வாயில நொழையாது. நான் புயலப்பன்னு வெச்சிருக்கேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடுத்தாள்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசு. பதினாறு வயசுலேந்து படிக்கிறேன். சிரிக்கணும்னா சிரிச்சு முடிச்சுடுங்க, அதுவரைக்கும் இருக்கேன்."

உண்மையாகவே காத்திருந்தாள். அப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்? தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்த முசே, பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"முதல்லேந்து சொல்லும்மா."

சொன்னாள். மதாம் கடைக்குக் கப்பலில் துணிக்கட்டு வரும்போது, கூடவே பிரெஞ்சு தேசத்து வாரப் பத்திரிகைகளும் வரும். பெரியவர்கள் பத்திரிகையை மதாம் எடுத்துக்கொள்வாள். படக்கதைப் பத்திரிகை தையல்காரிக்கு. படத்தை வைத்துத்தான் தில்லையம்மாள் பிரெஞ்சு படிக்கக் கற்றுக்கொண்டாள். இருபது வயதில் புருஷன் இறந்துபோனான்.

"ஊரே வந்து அழு அழுன்னுச்சு. அழுதேன். அழுது முடிச்சதும் அதத்தான் எடுத்தேன். ஒருத்தன் மேல ஏறுறான், கீழ விழுறான், மறுபடி ஏறுறான். எனக்கு அது போதுமா இருந்துச்சு. வேற யாரும் அப்ப எனக்கு அவ்வளவு சொல்லல."

"எத்தனை புத்தகம் பெட்டியில?"

"முந்நூத்துப் பதினாறு. அதுல எரநூத்துத் தொண்ணூத்தஞ்சுதான் அச்சு. மீதி இருபத்தொண்ணு நான் வரஞ்சது. நாப்பதுல சண்ட வந்து கப்பல் நின்னுபோச்சு. ஆறு வருஷம் புயலப்பன அந்தரத்துல விட்டுட்டு சும்மா இருக்க முடியுமா? நானே வரஞ்சேன், நானே எழுதினேன். எனக்கு நானே எழுதுறதுக்கு எதுக்குப் பிரெஞ்சு, தமிழ்லயே எழுதினேன். நாப்பத்தாறுல மறுபடி கப்பல் வந்துச்சு, நான் நிறுத்திட்டேன்."

"அத யாரெல்லாம் பாத்திருக்காங்க?"

"ஒருத்தரும் பாத்ததில்ல. அச்சுப் போனா எங்கியாவது தேடி வாங்கிடலாம். அந்த இருபத்தொண்ணு போனா போனதுதான்."

அவசரம் என்ன என்று நான் கேட்க வேண்டியதில்லை. நாளை விடியற்காலை முதலியார்பேட்டை முச்சந்தியில் ஒழுக்க வளர்ச்சிச் சங்கத்தார் போகி கொளுத்துகிறார்கள். இந்த வருஷம் பழைய பாயையும் ஓட்டைக் கூடையையும் அல்ல, வாலிபர்களைக் கெடுக்கிற புத்தகங்களையாம். பத்து நாளாக வீடு வீடாகப் போய்க் கூடையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கும்பலைக் கண்டாலே ஆகாது. எரிக்கிறவன் ஒரு பக்கமாவது படித்துவிட்டு எரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டால், பாதிப் பேர் தீப்பெட்டியைத் தொடமாட்டார்கள்.

"சங்கத்துத் தலைவர் சக்கரபாணியக் கேட்டேன்" என்றாள். "பெட்டி ஏதும் வரலன்னுட்டாரு. அண்ணனக் கேட்டேன். தெரியாதுங்குறாரு. வீட்டுப் பூட்டு ஒடயல."

"சக்கரபாணிக்கும் உங்களுக்கும் பழக்கமா?"

"சம்பந்தியாவப் போறாரு. அவரு மகனுக்குத்தான் எங்க அண்ணன் பொண்ணு சந்திரகலாவப் பேசியிருக்கு. தையில நிச்சயம்."

முசே கடலை உரிப்பதை நிறுத்தினார். "அப்ப இந்த விஷயத்தக் கிளறினா கல்யாணமே நின்னாலும் நிக்கும்."

"உங்கள வந்து பாக்கச் சொன்னதே சந்திரகலாதான். கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போவுது, பெட்டிய எடுத்துட்டு வா அத்தைன்னு சொல்லிட்டா."

அந்தப் பெண்ணைப் பார்க்காமலே எனக்குப் பிடித்துவிட்டது.

தில்லையம்மாள் தன் தையல் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் கொடுத்தாள். பெட்டியில் போடாமல் கையில் வைத்திருந்ததால் தப்பித்த ஒரே புத்தகம் அது. அட்டையில் புயலப்பன் ஒரு கோபுரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான். தோளில் சிவப்புப் போர்வை. அதைக் கழுத்தில் ஒரு தடித்த தங்கச் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தது.

"கனமான சங்கிலி" என்றார் முசே.

"அச்சுக்காரன் அப்படித்தான் போட்டிருக்கான்" என்று உதட்டைச் சுழித்தாள் தில்லையம்மாள். புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மாலை மூன்று மணிக்கு முதலியார்பேட்டைக்குப் போனோம். நான் சைக்கிள் மிதிக்க, முசே பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வந்தார். எங்கள் அலுவலகத்தில் வேலைப் பங்கீடு இப்படித்தான்.

முச்சந்தியில் இடுப்பளவு புத்தகக் குவியல். பக்கத்தில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் சக்கரபாணி. கடலூர்க்காரர். ஐம்பத்து நாலுக்குப் பிறகு இங்கே வந்து மரவாடி வைத்து, மரம் விற்று நன்றாக இருக்கிறார். நல்ல உயரம், நல்ல குரல். தெருவில் யாராவது 'போன்ழூர்' என்று வணக்கம் சொன்னால்கூட, திட்டுகிறானோ என்று நின்று முறைப்பார்.

"பெரியோர்களே, தாய்மார்களே" என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். "இந்தக் காலத்துப் படக்கதைகளைப் பாருங்கள். ஒருவன் முகத்தை மூடிக்கொள்கிறான். நாலு பொத்தான் போட்ட போர்வையை மாட்டிக்கொள்கிறான். உடனே பறக்கிறானாம். கடலில் போகிற கப்பலை ஒற்றைக் கையால் நிறுத்துகிறானாம். கடைசியில் கலங்கரை விளக்கின் உச்சியில் ஒரு கையால் தொங்குகிறானாம்."

கூட்டம் சிரித்தது. சக்கரபாணி மட்டும் அந்த இடத்தில் சற்று நின்றார். செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு ஒழுக்கத்தைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

முசே குவியலை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து இரண்டொரு புத்தகத்தைப் புரட்டினார். கூடை வைத்திருந்த சங்கத்துச் செயலாளர் முருகையனிடம், "பிரெஞ்சுப் புத்தகம் ஒண்ணுகூட இல்லியே?" என்றார்.

"எதுவும் வரலிங்க. வந்தாலும் கஷ்டம்தான். தலைவருக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது."

முசே பொட்டலத்தைச் சுருட்டி ஜேபியில் வைத்தார். கடலை மிச்சம் இருக்கும்போது அவர் பொட்டலத்தை மூடினால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

"போலாம் பாவாடை. பெட்டி கெடச்சுடுச்சு."

"எங்க முசே?"

"அவர் வாயில."

"பல்லுதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"சைக்கிள மிதி."

மதாம் கடை கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்தது. தில்லையம்மாள் மிஷினில் உட்கார்ந்து ஒரு கவுனுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மிஷின் நின்றது.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் முசே. "நீங்க வரஞ்ச புத்தகத்துல புயலப்பன் போர்வைய எப்படி மாட்டியிருப்பான்?"

"பொத்தான் போட்டு. நாலு கொம்புப் பொத்தான்." கேட்ட கேள்விக்காகவே இருபது வருஷம் காத்திருந்தவள்போலப் படபடவென்று வந்தது. "அவ்வளவு பெரிய துணிய ஒரு சங்கிலியில மாட்டிக்கிட்டு மேல கெளம்பினா என்னா ஆவும்? காத்து இழுக்கும், கழுத்து நெரிஞ்சு அங்கியே செத்துருவான். படம் போட்டவனுக்குத் தையல் தெரியல. என் கையில வந்தப்ப மொத வேலையா சங்கிலியக் கழட்டிட்டு, கழுத்துலேந்து நெஞ்சு வரைக்கும் பொத்தான் வெச்சேன். பாரம் தோள்ல நிக்கும்."

முசே என் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு மேடையில சக்கரபாணி என்னா சொன்னாரு?"

"நாலு பொத்தான் போட்ட போர்வை" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மண்டையில் நானே ஒன்று வைத்துக்கொண்டேன்.

"எந்த அச்சுப் புத்தகத்துலயும் பொத்தான் கெடயாது. ஒலகத்துலயே பொத்தான் இருக்குறது இருபத்தோரு புத்தகத்துலதான். அந்த இருபத்தொண்ணும் இந்தப் பெட்டியிலதான். கடலூர்க்காரர் பெட்டியத் தொறந்தாரு. எரநூத்துத் தொண்ணூத்தஞ்சு பிரெஞ்சு. எழுத்தப் பாத்ததுமே தள்ளி வெச்சுட்டாரு, படத்தக்கூடப் பாக்கல. அடியில தமிழ்ல இருபத்தொண்ணு. அதப் படிச்சாரு. எல்லாத்துலயும் ஒரே கததான் இருக்கும், ஒரே போர்வதான் இருக்கும்னு நெனச்சு மேடையில அவுத்து விட்டுட்டாரு. புதுச்சேரிக்காரனா இருந்தா சங்கிலின்னு சொல்லித் தப்பிச்சிருப்பான்."

"அப்ப கொண்டுபோய்க் குடுத்தது?" என்றேன்.

பதிலைத் தில்லையம்மாள்தான் சொன்னாள். "பூட்டு ஒடயலன்னு நானே சொன்னேனே. அண்ணன்தான்." குரல் ஒரு கணம் தடுமாறியது. அண்ணன் செய்ததுதான் அவளுக்கு வலித்தது. பிறகு கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி மிஷின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். "நானும் வரேன்."

"சம்பந்தி வீடும்மா. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இருபத்திரெண்டு வருஷமா கதவ மூடிக்கிட்டுப் படிச்சேன். போதும்யா."

சக்கரபாணியின் வீடு முச்சந்தியை ஒட்டியே இருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசலில் முருகையனும் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரும் குவியலுக்கு வரட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு கலியபெருமாளும் நின்றிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கையிலிருந்த வரட்டியைக் கீழே போட்டுவிட்டார். அவள் அவரைப் பார்க்காமல் உள்ளே போனாள். நாங்கள் பின்னால் போனோம்.

சக்கரபாணி தம் அறையில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "பெட்டியா? அன்னிக்கே சொன்னேனே, அப்படி ஒண்ணும் வரலன்னு."

"பொத்தான எங்க பாத்தீங்க?" என்றார் முசே.

அவ்வளவுதான் கேட்டார். பிறகு சங்கிலிக் கதையை மெதுவாக விளக்கினார். சக்கரபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் கட்டிலுக்கு அடியைக் கை காட்டினார்.

"கலியபெருமாள்தான் கொண்டாந்தாரு. ஒங்க வீட்டுக்கு வர்ற பொண்ணோட அத்தைக்குக் கிறுக்குன்னு யாரும் பேசிடக் கூடாது, போகியோட சேத்து எரிச்சுடுங்கன்னாரு. யாருக்கும் சொல்லாதீங்கன்னும் கேட்டுக்கிட்டாரு."

பெட்டியை நான் வெளியே இழுத்தேன். தில்லையம்மாள் தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். அவள் விரல்கள் கட்டுக்கட்டாகத் தள்ளிக்கொண்டே அடிவரை போயின. நின்றன. அதுவரை ஒரு இடத்திலும் அசராத முகம் வெளுத்துவிட்டது.

"என்னுது இல்ல" என்றாள். "இருபத்தொண்ணும் இல்ல."

இந்த மனுஷன் அதை முதலிலேயே அடுப்பில் போட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினேன். முசே என் தோளைப் பிடித்தார்.

சக்கரபாணி எழுந்து கட்டிலருகே போனார். எங்கள் யாரையும் பார்க்காமல் தலையணையைத் தூக்கினார். அடியில், வரிசை கலையாமல், ஓரம் மடங்காமல், இருபத்தோரு புத்தகமும் இருந்தன.

"குத்தம் கண்டுபுடிச்சு மேடையில சொல்லணும்னுதான் மொதல்ல எடுத்தேன்" என்றார். மேடைக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "ஞாயித்துக்கெழம ஒண்ணு. திங்கக்கெழம மரவாடிக்கே போவல. இப்ப மூணாவது தரம் படிக்கிறேன்."

முசே வாயில் போடப்போன கடலை கையிலேயே நின்றது. எங்கள் கணக்கில் இது இல்லை.

"யாரு வரஞ்சது?" என்று கேட்டார் சக்கரபாணி.

"நான்."

அவர் அவளை நன்றாகப் பார்த்தார். அவளை ஒருவர் அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். "இருபத்தொண்ணாவதுல வெளக்கு உச்சியில தொங்குறான். ஒரு கை வழுக்குது. அதோட முடிஞ்சுபோவுது. அப்புறம் என்னாம்மா ஆச்சு?"

"அதுக்குள்ள கப்பல் வந்துருச்சு. இருபத்திரெண்டு நான் வரையல."

"பதினாலு வருஷமாவா தொங்குறான்?"

அந்தப் புத்தகங்களை முதன்முதலாகப் படித்தவர் அவற்றை எரிக்க இருந்தவர் என்பதை அவளால் உடனே விழுங்க முடியவில்லை. எனக்கே முடியவில்லை.

சக்கரபாணி குரலைத் தாழ்த்தினார். "இப்படிச் செய்யலாம். பின்பக்கமா வண்டி வரச் சொல்றேன். பெட்டிய எடுத்துட்டுப் போங்க. எரிச்சாச்சுன்னு நான் வெளிய சொல்லிக்கிறேன். கல்யாணமும் நடக்கும், ஒங்க அண்ணனுக்கும் மானம் போவாது. இருபத்திரெண்டு வரஞ்சா, துணியில சுத்தி எனக்கு மட்டும் குடுத்தனுப்புங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

நல்ல பேரம். பெட்டி கிடைக்கிறது, கல்யாணம் நடக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. நானாக இருந்தால் வண்டி வருமுன்பே பின்பக்கம் போய் நின்றிருப்பேன். முசே தில்லையம்மாளைப் பார்த்தார்.

அவள் புத்தகங்களை வாங்கிப் பெட்டிக்குள் அடுக்கினாள். மூடியைச் சாத்தினாள். எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"இதுல எதுவும் நான் திருடினது இல்ல. முன்வாசல் வழியாத்தான் போவேன்."

பெட்டியை நான் ஒரு பக்கம் பிடிக்க, முசே மறுபக்கம் பிடித்தார். முந்நூற்றுச் சொச்சம் புத்தகம் என்ன கனம் என்று சுமந்தவனுக்குத்தான் தெரியும். வாசலுக்கு வந்ததும் வரட்டி அடுக்கியவர்கள் நிமிர்ந்தார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் கதவோரம் வந்தார்கள். கலியபெருமாள் முகத்தில் ஈயாடவில்லை.

"தில்ல, என்னாம்மா இது? அவ கல்யாணம் என்னாவறது?" என்றார் தாழ்ந்த குரலில்.

"பெட்டிய ஒளிச்சாத்தான் கல்யாணம்னா, அது வேணாம்னு சந்திரகலாவே சொல்லிட்டாண்ணே. நீ அவளையும் கேக்கல, என்னையும் கேக்கல." அவள் கண்ணில் நீர் நின்றது. துடைக்கவில்லை. "நான் படிக்கிறேன். இன்னும் படிப்பேன். கெழவியானாலும் படிப்பேன். யாராவது கேட்டா இனிமே நீயே சொல்லு."

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் முருகையன், பாவம், ஒன்றும் புரியாமல் தலைவரைப் பார்த்துக் கேட்டான்.

"தலைவரே, பெட்டி ஏதும் வரலன்னு சொன்னீங்களே?"

எல்லோரும் படியில் நின்ற சக்கரபாணியைப் பார்த்தார்கள். அவர் கையில் இருபத்தோராவது புத்தகம் இருந்தது. பெட்டியில் அடுக்கும்போது அவள் எப்படி நழுவவிட்டாளோ, அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, நான் கவனிக்கவில்லை. அதைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். பிறகு மறைக்கவில்லை.

"வந்துச்சு" என்றார். "நான்தான் எடுத்து வெச்சேன்."

"எரிக்கவா?"

"படிக்க."

முருகையன் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான், என்ன செய்வதென்று தெரியாமல் தீப்பெட்டியை மேஜை மேல் வைத்தான்.

தில்லையம்மாள் படியேறிப் போய்க் கையை நீட்டினாள். சக்கரபாணி புத்தகத்தைக் கொடுத்தார். கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தார்.

"இருபத்திரெண்ட இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "ஆனா துணியில சுத்தியெல்லாம் அனுப்ப மாட்டேன். படிக்கணும்னா எங்க வீட்டுக்கு வரணும். பட்டப்பகல்ல. கூடத்துல உக்காந்து, கதவத் தொறந்து வெச்சு, போறவங்க வர்றவங்க எல்லாரும் பாக்கப் படிக்கணும்."

சக்கரபாணி தம் சங்கத்தாரைப் பார்த்தார். சம்பந்தியாகப் போகிறவரைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கதவுகளைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தன மணிக்கு வரட்டும்?" என்றார்.